துறைமுகக் கந்தோரில் இல்லாத சட்டம்

என் அன்பு மகனுக்கு,

உன் விமானத் தபால் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அப்போது நான் கந்தோரில் வேலையில் இருந்தேன். உன் அம்மா அதை உடைக்காமல் மேசையில் வைத்து, பறந்து போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, அதன் மேல் செபப் புத்தகத்தையும் வைத்து, நான் வரும்வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான்கு மாதமாக வருகிற கடிதமெல்லாம் "இன்னும் ஒன்றும் சரிவரவில்லை" என்றே வந்தால், பாவம், அவளுக்கு உடைக்க எங்கே துணிவு வரும்? சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே நான் உரத்து வாசித்தேன். கணக்காய்வாளர் கந்தோரில் வேலை, பகலில் பேரேடு, மாலையில் வகுப்பு, வாடகை கொடுத்தது போகக் கையில் கொஞ்சம் மிஞ்சும் என்ற இடம் வந்ததும் அவள் அழத் தொடங்கினாள். உன் தங்கச்சி கைதட்டினாள். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். அன்று இரவுதான், நீ கப்பல் ஏறிய பிறகு முதல் தடவையாக, உன் அம்மா விடியும்வரை ஒரே நித்திரை கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு நடந்தாளே, அதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்பது உன் அம்மாவின் கட்சி. இப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து ஜிந்துப்பிட்டி வரைக்கும் உன் வேலையைப் பற்றித் தெரியாத ஆள் இல்லை. மீன்காரனிடம்கூட "மகன் இப்ப லண்டனிலை கணக்குத் துரை" என்று சொல்லியிருக்கிறாள். அவன் உடனே அறக்குளா மீனின் விலையை ஏற்றிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராவிட்டால் இப்படித்தான் என்று நான் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேச்சில்லை.

காசு விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அவ்வளவு தகுதி இல்லை. எனக்கு முதற் சம்பளம் கிடைத்தபோது நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஜிந்துப்பிட்டியில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருந்த காலம். சம்பளத்தை எடுத்துக்கொண்டு நேரே கோட்டைக்குப் போய், துரைமார் போடுகிற வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கினேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குள் நுழைந்ததும் ஒரு பியோன் எழுந்து சல்யூட் அடித்தான். பிறகு ஆளை அடையாளம் கண்டுகொண்டு, அடித்த சல்யூட்டைத் திருப்பி வாங்க முடியாமல் முறைத்தான். கந்தோர் முழுக்கச் சிரிப்பு. அந்த மாதம் மிச்சம் இருபது நாளும் பாணும் வாழைப்பழமும்தான். அறையில் இருந்த மற்ற மூவரும் தங்கள் சோற்றில் ஒவ்வொரு பிடி ஒதுக்கி வைத்திராவிட்டால் அதுவும் ஓடியிராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "செலவைக் குறைக்க மத்தியானம் தனியே சாப்பிடுகிறேன், யாரோடும் தேநீருக்குப் போவதில்லை" என்று நீ எழுதியிருக்கிறாய். நிலக்கரி கிடைக்காத ஊரில், அந்தக் குளிரில், தேநீரை ஏன் மகன் விடுகிறாய்? தொப்பி வாங்காதே, அது போதும். தேநீருக்குப் போ. ஒருநாள் அவர்கள் கொடுத்தால் ஒருநாள் நீ கொடு.

வேலை தேடுகிற விஷயத்திலும் நான் உனக்கு உதவியதைவிட உபத்திரவம் செய்ததுதான் அதிகம். நீ பட்டம் எடுத்து வெளியே வந்த நேரம் யுத்தம் முடிந்திருந்தது. பட்டாளத்துக் கந்தோர்களை இழுத்து மூடி, அங்கே இருந்த கிளாக்கர்மாரையெல்லாம் தெருவில் விட்டிருந்தார்கள். ஒரு வேலைக்கு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். நற்சாட்சிப் பத்திரங்களைத் தட்டச்சில் அடித்து அடித்து, பங்குச் சுவாமியார் உனக்குத் தந்த நற்சாட்சி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அந்தத் தேயிலைக் கொம்பனி நேர்முகத்துக்கு நானும் வந்தேனே, நினைவிருக்கிறதா? வாசலில் நின்றிருந்தால் பரவாயில்லை. உள்ளே வந்து, துரை உன்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கும் நானே சொன்னேன். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வேலை உங்களுக்கா, மகனுக்கா?" என்று கேட்டார். ட்ராமில் நீ என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டாய். அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

அந்த நாட்களில் உன்னோடு கூட நின்றவன் பலீல். கொம்பனித்தெரு இரும்புக்கடைக்காரரின் மூத்த மகன். வெள்ளவத்தையில் அந்த மாலை வகுப்பில் உனக்குப் பக்கத்தில் இருந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கியல் புத்தகம். அவனிடம் மூன்று நாள், உன்னிடம் மூன்று நாள். கோட்டை ஸ்டேஷனில் இருந்து ரயிலில் போகும்போதே அடுத்த நாள் பாடத்தைக் கதைத்து முடித்துவிடுவீர்கள். வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் வந்தால் ஒருவனுக்குத் தெரியாமல் மற்றவன் விண்ணப்பம் போட்டதில்லை. ஒரே வேலைக்கு இரண்டு பேரும் போட்டிபோட்டும் சண்டை பிடிக்காதவர்களை நான் என் வாழ்க்கையில் உங்கள் இருவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

சரி. இனி உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். தொப்பியையும் துரையையும் சொல்லி நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

உன் பக்கத்து அறையில் இருக்கும் ஜோசப் என்ற கயானாப் பையன் வேறு வீடு பார்த்திருக்கிறான். அவனால் வாடகை கொடுக்க முடியாமல் போனால் மூன்று மாதத்துக்கு நான் பொறுப்பு என்று, வேலையில் இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். அவன் உன்னிடம் வந்திருக்கிறான். நீ மறுத்துவிட்டாய். அதோடு விடாமல் எனக்கு இப்படி எழுதியிருக்கிறாய்: "மற்றவனுக்காகக் கையெழுத்துப் போடுவதில்லை என்பது எங்கள் அப்பாவின் சட்டம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பலீலுக்குக்கூடக் கந்தோர்ச் சட்டத்தை விடாமல் நின்றீர்கள்தானே. அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் கோபம். இங்கே வந்த பிறகுதான் அதன் அருமை விளங்குகிறது." அந்த இடத்தை மட்டும் நான் உரத்து வாசிக்கவில்லை. உன் அம்மா ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டாள். எழுத்து விளங்கவில்லை என்றேன். மகன், இரண்டாம் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார். இப்போது நீ வேலை செய்யும் கந்தோரில் இடம் காலியாக இருக்கிறது என்று உனக்கு வந்து சொன்னவன் ஜோசப்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கோபப்படாமல் வாசி. கோபம் வந்தால் வரட்டும், முழுவதையும் வாசி.

இரண்டு வருடத்துக்கு முன், பலீலுக்குக் கோட்டையில் ஓர் ஏற்றுமதிக் கொம்பனியில் உதவிக் கேஷியர் வேலை சரிவந்தது. காசு புழங்குகிற வேலை என்றால் பிணை கேட்பார்கள், அது வழக்கம். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒன்று சொத்து உள்ளவர், அதற்கு அவனுடைய வாப்பா இருந்தார். மற்றது நிரந்தர வேலையில் இருக்கும் அரசாங்க உத்தியோகத்தர். அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் வியாபாரம், அரசாங்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் முத்திரை ஒட்டிய படிவத்தோடு எனக்காகக் காத்திருந்தீர்கள். நீதான் முதலில் பேசினாய். "அப்பா, பலீலுக்கு ஒரு கையெழுத்து" என்று பேனாவையும் திறந்து நீட்டினாய்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தம்பி, எனக்குப் போட ஏலாது. துறைமுகக் கந்தோர்ச் சட்டம் விடாது. நான் போட்டது தெரிஞ்சால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பென்ஷனிலை கைவைப்பாங்கள்" என்றேன். நீ வாதாடினாய். பலீல்தான் உன் கையைப் பிடித்து நிறுத்தினான். "பரவாயில்ல மாமா, சட்டமெண்டா சட்டம்தானே" என்று சொல்லி, படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். உன் அம்மா கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். கொம்பனி தந்த இரண்டு நாளைக்குள் வேறு அரசாங்க உத்தியோகத்தரைப் பிடிக்க அவனால் முடியவில்லை. வேலை வேறொருவனுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் புறக்கோட்டையில் ஒரு கடைக் கந்தோரில், வேலை பழகுகிறவன் என்ற பெயரில், சம்பளமே இல்லாமல் கணக்கு எழுதினான். அவனுடைய வாப்பா கடையில் ஆணி நிறுக்க வா என்று கூப்பிட்டும் போகவில்லை.

அப்படி ஒரு சட்டம் இல்லை. அந்த நிமிடத்தில் என் வாயில் வந்த பொய் அது. எனக்குப் பயம். உன் பெரியப்பா தன்னோடு கோவில் சபையில் இருந்த ஒருவனுக்குப் பிணை நின்று, அவன் காசோடு ஓடிப்போக, குடியிருந்த வீட்டை விற்றுத் தெஹிவளையில் ஓர் ஒற்றை அறைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தவன். பிணைப் படிவத்தைக் கண்டதும் அந்த வீட்டைத்தான் கண்டேன். பயமாக இருக்கிறது தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் விளங்கிக்கொண்டிருப்பான். முப்பது வருடம் அரசாங்கத்தில் இருந்தவனுக்குப் பயம் என்று சொல்ல வெட்கம், சட்டம் என்று சொல்ல வெட்கமில்லை. எங்களைப் போன்றவர்கள் வசமாக மாட்டிக்கொண்டால் சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வோம். யாரும் அதைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் சட்டென்று, "இதை என்னிடம் சொல்லி என்ன பலன்? அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த வருடம் நான் காது கேட்காத மற்றச் சுவாமியாரிடம் போனேன். அவருக்கு அன்றைக்கென்று பார்த்து நன்றாகக் காது கேட்டது. அவரும் அதையே சொன்னார். ஆனாலும் நான் போகவில்லை. பலீல் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். உனக்குச் செலவுக் கணக்கியல் சொல்லித் தந்தான். நீ லண்டன் போகும்போது புறக்கோட்டை முழுக்க அலைந்து, பட்டாளத்துக்காரன் விற்றுவிட்டுப் போன கம்பளிக் கோட்டைப் பேரம் பேசி வாங்கித் தந்தான். அவன் சிரித்த முகத்தோடு வருகிற ஒவ்வொரு தடவையும், இவனுக்கு ஒன்றும் தெரியாது, போகட்டும், ஆறிப்போன கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உன் கடிதம் வரும்வரைக்கும் ஆறித்தான் கிடந்தது. என் பயத்தை நீ சட்டமாக எடுத்து, கடல் கடந்து கொண்டுபோய், உனக்கு உதவி செய்த ஒருவன் மேல் போட்டுவிட்டாய் என்று வாசித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை கந்தோர் முடிந்ததும் கொம்பனித்தெருவுக்குப் போனேன். பலீலுக்கு இப்போது நல்ல வேலை என்பது உனக்குத் தெரியும்தானே. அவன்தான் கதவைத் திறந்தான். "வாங்க மாமா, இரிங்க. அவன்ட்ட இருந்து எனக்கும் கடிதம் வந்திச்சு, வேலை சரியாமே!" என்று ஒரே சந்தோஷம். அவனுடைய உம்மா உள்ளே இருந்து ஒரு தட்டில் இனிப்பு வட்டிலப்பம் அனுப்பினார். நான் கரண்டியைத் தொடவில்லை. "பலீல், நான் ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கி, தலையைக் குனிந்துகொண்டு, சட்டம் இல்லை, நான் சொன்னது பொய் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவன் வட்டிலப்பத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தான். பிறகு, "எனக்குத் தெரியும் மாமா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. "எது தெரியும்?" என்று கேட்டேன்.

"அடுத்த நாளே தெரியும். திங்கட்கிழமை காலையில உங்கட கந்தோருக்கு வந்தேன். நீங்க துறைமுக யாட்டுக்குச் சரக்குப் பார்க்கப் போயிருந்தீங்க. பெரிய கிளாக்கர்ட்ட, விசேஷ அனுமதி எடுத்தா உங்களுக்குப் போடலாமா, மனு எழுதிக் கொண்டு வரவா எண்டு கேட்டேன். அவர், எந்தச் சட்டம் தம்பி, நானே மூணு பேருக்குப் போட்டிருக்கேனே எண்டு சொன்னார். நான் வந்ததைச் சொல்ல வேணாம் எண்டு அவர்ட்ட கேட்டுக்கொண்டு வந்துட்டேன்."

யோசித்துப் பார். என் பொய்யை உண்மை என்று நம்பி, எனக்கு அனுமதி வாங்கித் தர அந்தப் பிள்ளை படி ஏறி வந்திருக்கிறான். எனக்கு எதிர் மேசையில் இருக்கும் பெரிய கிளாக்கரும் இரண்டு வருடமாக எல்லாம் தெரிந்துகொண்டே என்னோடு வெற்றிலை போட்டிருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கோபம் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"வராம? அண்டைக்கு ட்ராமில ஏறவே மனம் வரல்ல. உங்கட கந்தோரில இருந்து நடந்தே வந்தேன். அழுகையும் வந்திச்சு. அதுக்குப் புறகு ரெண்டு மூணு மாசம் உங்கட வீட்டுத் தேத்தண்ணி எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கல்ல மாமா. மாமி கேப்பாங்களே எண்டு குடிச்சேன்."

"மகனிட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான், இந்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"அவன்ட குணம் உங்களுக்குத் தெரியாதா? சொல்லி இருந்தா அவன் உங்களோட கதைச்சிருக்க மாட்டான். எனக்கு வேலை இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிடைக்கும். அவனுக்கு வேற வாப்பாவா கிடைக்கப் போறார்?"

அந்த வீட்டில் உட்கார்ந்து, ஐம்பத்தெட்டு வயதில், வாய்விட்டு அழுதேன் மகன். அவனுடைய உம்மா பயந்து திரைக்குப் பின்னால் வந்து நின்று, "என்ன மகன், ஆருக்கும் சுகமில்லையா?" என்று அவனிடம் கேட்டார். "ஒண்டுமில்ல உம்மா, லண்டன் மகனை நினைச்சு அழறார்" என்று அவன் சமாளித்தான். அப்போதும் என்னைக் காப்பாற்றினான். பிறகு கரண்டியை எடுத்து என் கையில் தந்தான். வட்டிலப்பம் முழுவதையும் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினேன். வெளியே வந்தபோது உடம்பில் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நன்றாக ஏசினாள். அதையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

உனக்கு எழுதட்டுமா என்று பலீலிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "இப்ப எழுதுங்க, அவன் தூரத்தில இரிக்கிறான், திரும்பி வந்து சேர்றதுக்குள்ள கோபம் போயிரும்" என்று சிரித்தான். போகாவிட்டாலும் பரவாயில்லை. உன் அப்பா தவறாத மனிதர் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிட, என்னோடு கோபமாக இருப்பது எனக்கு லேசாக இருக்கும்.

ஜோசப்புக்குக் கையெழுத்துப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். அவனை எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். மூன்று மாத வாடகை உன் சம்பளத்தில் பெரிய தொகை. உன் படிப்பு இருக்கிறது, பரீட்சைக் கட்டணம் இருக்கிறது. நன்றாக யோசித்து முடிவெடு. பெரியப்பா பட்டதும் பொய் இல்லை, பலீல் பட்டதும் பொய் இல்லை. ஆனால் காலைச் சாப்பாட்டு மேசையில் ஜோசப் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய், அதை அப்படியே விட்டுவிடாதே. இதை வாசித்து முடித்ததும் போய் அவன் அறைக் கதவைத் தட்டு. போடுவதென்றால் போடு. முடியாது என்றால், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அப்பாவின் சட்டம் என்று மட்டும் சொல்லாதே. உன் அப்பாவிடம் அப்படி ஒரு சட்டம் ஒருநாளும் இருந்ததில்லை.

உன் அன்பு
அப்பா